பென்சில் எழுத்து

அத்தியாயம் பதினான்கு

புதிய பள்ளியில் மீராவுக்கு அது ஒன்பதாம் நாள்.

பழைய பள்ளிக்கு அவளால் திரும்பிப் போக முடியவில்லை. அவள் மகன் ஹரி அங்கேதான் படித்தான். மூன்றாம் வகுப்பு, ஜன்னலோரம், இரண்டாவது பெஞ்சு. போன ஜூலை மழையில் எலிக்காய்ச்சல். ஐந்தே நாள்.

பதினோரு மாதம் விடுப்பில் இருந்துவிட்டு மாற்றல் கேட்டாள். மணக்காட்டுப் பக்கம் இந்தப் பள்ளி கிடைத்தது. நாலாம் வகுப்பு கொடுத்தார்கள். ஹரி இருந்திருந்தால் இந்த ஜூனில் நாலாம் வகுப்பு. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. இங்கே விஷயம் தெரிந்தது தலைமையாசிரியைக்கும் மூன்றாம் வகுப்பு பிஜி டீச்சருக்கும் மட்டும். பிள்ளைகளுக்குத் தெரியாது.

வீட்டில் அவளும் கணவன் ஜெயனும். ஸ்ரீவராகத்தில் அதே வீடு. ஹரியின் புத்தகங்களைப் பெட்டியில் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டதாக ஜெயன் சொல்லியிருந்தான். மீரா ஒருநாளும் அண்ணாந்து பார்த்ததில்லை. அங்கே இருக்கிறது என்பதே போதுமாக இருந்தது.

அன்று வாசிப்பு வாரத்தின் மூன்றாம் நாள். அஜிதாவின் பிறந்தநாளும் அன்றுதான்.

இந்தப் பள்ளியில் பிறந்தநாளுக்கு மிட்டாய் கிடையாது. பிறந்தநாள் பிள்ளை வகுப்பு அலமாரிக்கு ஒரு புத்தகம் கொடுக்க வேண்டும். சீருடை போடாமல் வரலாம். எல்லோர் முன்னாலும் நின்று ஒரு பக்கம் வாசித்துவிட்டு டீச்சர் கையில் கொடுக்க வேண்டும். டீச்சர் முதல் பக்கத்தில் பிள்ளையின் பெயரையும் தேதியையும் எழுதுவார். பிறகு அந்தப் புத்தகம் எல்லோருக்கும் பொது.

அஜிதா மஞ்சள் கவுனில் வந்தாள். கவுன் ஒரு சாண் கூடுதல் நீளம். அடுத்த வருடத்துக்கும் சேர்த்து எடுத்தது. பல நாள் வைத்திருந்த புத்தகம் என்பது அவள் பிடித்திருந்த விதத்தில் தெரிந்தது. கொடுக்க மனமில்லாதவள் மாதிரி மார்போடு அணைத்திருந்தாள்.

தோணி விடும் நண்டின் கதை. மலையாளம். அஜிதா ஒரு பக்கம் வாசித்தாள். எங்கும் நிற்கவில்லை. நண்டு கோபப்படும் இடத்தில் குரலை மாற்றினாள். பிள்ளைகள் சிரித்தார்கள். பிஜி டீச்சர் தன் வகுப்பை விட்டுவிட்டு வாசலில் வந்து நின்று கேட்டாள்.

மீரா அட்டையைப் பார்த்தாள். ஹரியிடமும் இதே புத்தகம் இருந்தது. அச்சிட்ட புத்தகம்தானே, ஊரெல்லாம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பேனாவைத் திறந்தாள்.

பெயர் எழுதும் முதல் தாள் இல்லை. பிளேடு வைத்துச் சுத்தமாக எடுத்திருந்தார்கள்.

அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். மலையாள வார்த்தைகளுக்குக் கீழே பென்சிலில் சின்னச் சின்னதாகத் தமிழ். துடுப்புக்குக் கீழே துடுப்பு. கரைக்குக் கீழே கரை. இடப்பக்கம் கொஞ்சம் சாய்ந்த கையெழுத்து.

அவளுடையது.

ஹரி பள்ளியில் மலையாளம் படித்தான். வீட்டில் பேசும் தமிழ் அவனுக்கு வாசிக்கவும் தெரிய வேண்டும் என்று அவள் ஒவ்வொரு புத்தகத்திலும் இப்படி எழுதி வைத்தாள். 

இன்னொரு பக்கம் திருப்பினாள். ஓரத்தில் பெரிய எழுத்தில், தாளே குழியும்படி அழுத்தி எழுதியிருந்தது: பொய்.

அது ஹரி. நண்டு பேசினால் பொய் என்று எழுதுவான். நிலா இறங்கி வந்தால் பொய் என்று எழுதுவான். எழுதிவிட்டு அதே புத்தகத்தை ஐந்து தடவை வாசிப்பான்.

"இது எங்கேருந்து கிடைச்சது?" என்றாள் மீரா. அந்தப் பிள்ளையிடம் அவள் தமிழில் பேசியது அதுதான் முதல் முறை.

அஜிதா குனிந்து கவுனின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆக்ரி புக் டீச்சரே," என்றான் அகில் பின்பெஞ்சிலிருந்து. "அவளோட அச்சனுக்கு ஆக்ரிக் கடையாக்கும். பழைய பேப்பர், பாட்டில், எல்லாம் எடுப்பார்."

சிரிப்பு எழுந்தது.

"இதுல எழுதினது யாருன்னு உனக்குத் தெரியுமா?" மீராவின் விரல் அந்தப் பென்சில் எழுத்தின் மேல் இருந்தது.

"நான் இல்ல டீச்சர்."

"கிறுக்கின புக்," என்றான் அகில். "பிறந்தநாளுக்குக் கிறுக்கின புக்கா குடுப்பாங்க?"

மீராவின் கண் நிறைந்தது. பெயர் எழுதவில்லை. புத்தகத்தை மூடி எடுத்துக்கொண்டு வெளியே போனாள். வாசலில் பிஜி அவள் தோளைத் தொட்டுவிட்டு வகுப்புக்குள் நுழைந்தாள்.

அஜிதா அப்படியே நின்றாள். அலமாரியில் வைக்காமல் டீச்சர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டதை எல்லோரும் பார்த்தார்கள்.

*

ஸ்டாஃப் ரூமில் யாரும் இல்லை. மீரா ஜெயனை அழைத்தாள். அவன் தம்பானூரில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசில் இருந்தான்.

"பரண்ல இருக்கற பெட்டிய இன்னிக்குக் கீழே எறக்கணும்."

பின்னால் யாரோ பிரிண்டரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இப்போ எந்துக்கு மீரா?"

"பாக்கணும்."

"சாயங்காலம் வந்து பேசறேன்."

"பெட்டி பரண்ல இருக்கா?"

பிரிண்டர் ஓடத் தொடங்கியது. சில தாள்கள் வந்து விழும் சத்தம்.

"இல்லை," என்றான்.

"எங்கே?"

"மார்ச்சுல நீ நாகர்கோவில் போயிருந்தியோன்னோ. அப்போ ஆக்ரிக்காரர் வந்தார். கொடுத்துட்டேன்."

"பழைய பேப்பரோடயா?"

"தனியாத்தான் கொடுத்தேன்." சற்றுப் பொறுத்து மறுபடியும் சொன்னான். "தனியாத்தான் கொடுத்தேன் மீரா."

மீரா புத்தகத்தின் அட்டையை விரலால் தேய்த்தாள்.

"நீ தினம் அந்த அலமாரிக்கு முன்னால உக்காந்துண்டு இருந்தே. சாதம் ஆறிப்போய் ஈ மொய்க்கும். நான் என்ன பண்ணுவேன்? அவன் போயாச்சு. அதை நாம வாயால சொல்லிப் பழகணும். நான் சொல்றேன். நீ சொல்லவே மாட்டேங்கறே."

"கொடுக்கறதுக்கு முன்னாடி தொறந்து பாத்தேளா?"

"இல்லை."

"எல்லாத்துலயும் அவன் எழுதியிருந்தான்."

"தெரியும். அதான் தொறக்கலை."

வெளியே சோற்றுக்கு மணி அடித்தது. பிள்ளைகள் தட்டோடு ஓடினார்கள்.

"நாலு மணிக்கு ஸ்கூலுக்கு வாங்கோ. ஒரு வீட்டுக்குப் போகணும்."

"எந்த வீடு?"

அவள் போனை வைத்தாள்.

பிஜி உள்ளே வந்தபோது மீரா புத்தகத்தை மடியில் வைத்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். பிஜிக்கு ஊர் எல்லையோரப் பாறசாலை. இரண்டு பாஷையும் கலந்துதான் பேசுவாள்.

"ஒண்ணு சொல்லட்டா மீரா. அந்தக் கொச்சுப் பிள்ள மார்ச்சுல எழுத்துக்கூட்டத் தெரியாம என் முன்னால நின்னு கண்ணீர் விட்டுக் கரைஞ்சது. ஊர்ல ரெண்டாம் கிளாஸ் வரைக்கும் தமிழ்ல படிச்சது. இங்க வந்து ஒரு வருஷம் என்கிட்ட இருந்தது. எனக்கு ஒண்ணும் செய்ய முடியல. வெக்கேஷன் கழிஞ்சு வந்தா இப்படி வாசிக்குது. வீட்டுல யாரோ பக்கத்துல இருந்து சொல்லிக் குடுத்திருக்காங்கன்னு நெனச்சேன்."

மீரா புத்தகத்தைத் திறந்தாள். மலையாள வார்த்தை. அதற்குக் கீழே தமிழ். தமிழ் தெரிந்த பிள்ளை கீழே பார்த்து மேலே இருப்பதைப் படித்திருக்கிறது.

"அவளைக் கூப்பிடு பிஜி. காலைல ஒண்ணும் சொல்லாம வந்துட்டேன்."

"போயாச்சு. வயிறு வலின்னு சொன்னது. அம்மா வந்து கூட்டிட்டுப் போனா."

மத்தியானம் முழுதும் மீரா கணக்குப் போட்டுக் கொடுத்தாள். மனதுக்குள் வேறு ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியில் இருபத்தாறு புத்தகங்கள். அட்டையைச் சொல்லச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ள வேண்டும். அதே புத்தகங்களைப் புதிதாக வாங்கி அந்தப் பிள்ளைக்குக் கொடுத்துவிடலாம். அதே வார்த்தைகளுக்குக் கீழே தமிழும் எழுதிக் கொடுக்கலாம். அதனால் என்ன. ஹரி எழுதியது மட்டும் அவளுக்கு வேண்டும்.

*

ஸ்கூட்டரில் மீரா வழி மட்டும் சொன்னாள். சாலைக் கடைத்தெருவின் பின்பக்கம், ஒரு சந்தின் முடிவில் இருந்தது அந்த இடம். சாக்கு சாக்காகப் பாட்டில்கள். மூடியில்லாத வாஷிங் மெஷின் இரண்டு. கட்டுக் கட்டாகப் பேப்பர். அதற்குப் பின்னால் தகரம் போட்ட ஒரு அறை. அதுதான் வீடு.

ஆறுமுகசாமி ஒரு மின்விசிறியைப் பிரித்துக்கொண்டிருந்தார். டீச்சர் என்று தெரிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"வாங்க டீச்சர். பிள்ள ஏதும் சேட்டை பண்ணிட்டாளா?"

"இல்லை."

"மத்தியானம் அழுதுகிட்டே வந்தா. கேட்டா சொல்ல மாட்டேங்கா." ஜெயனைப் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். "சார் ஸ்ரீவராகம்லா? ஒரு பெட்டி குடுத்தீக. நிறுத்துட்டு ரூவா குடுக்க வந்தேன், கதவ சாத்திட்டீக. மூணு தடவ மணி அடிச்சேன்."

ஜெயன் தலையை ஆட்டினான்.

"அந்தப் பெட்டில இருந்த புத்தகமெல்லாம் எங்கே?" என்றாள் மீரா.

"ஒண்ணுகூட வெளிய போகல டீச்சர். பிள்ளைக புஸ்தகம் வந்தா நான் நிறுவைல போட மாட்டேன். பேர் உள்ள தாளை மட்டும் எடுத்துருவேன். வேற பிள்ள பேர் இருந்தா, இவளுக்குத் தன் புஸ்தகம்னு தோணாதுல்லா. எல்லாம் உள்ளதான் இருக்கு."

மீரா ஒரு பேப்பர் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். ஜெயன் அவள் பக்கத்தில் வந்து நின்றான். ஸ்கூட்டரில் ஏறியதிலிருந்து முதல் முறையாக அவன் மூச்சு விட்டது அவளுக்குக் கேட்டது.

"எல்லாமே இருக்கு மீரா," என்றான்.

"கேட்டேன்."

அஜிதாவின் அம்மா மாடம்மாள் வாசலுக்கு வந்தாள். "கேசரி கிண்டியிருக்கேன் டீச்சர். உள்ள வாங்க. பிள்ளைக்குப் பிறந்தநாளு."

உள்ளே பாயில் இரண்டு பெண்பிள்ளைகள் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். அஜிதா அதே மஞ்சள் கவுனில். எதிரே அடுத்த வீட்டு சபீனா. நடுவில் புத்தகங்கள், பெரியது கீழே, சின்னது மேலே, ஓரம் தட்டி அடுக்கியிருந்தன. பாயெல்லாம் சாம்பல் நிறத்தில் பிசிறு. இருவர் கையிலும் ரப்பர்.

அஜிதா நிமிர்ந்தாள். பயந்தாள். பிறகு டீச்சர் முகத்தில் கோபம் இல்லை என்று கண்டு எழுந்தாள்.

"இன்னும் ஒண்ணுதான் பாக்கி டீச்சர்."

"என்ன பண்றே?"

"கிறுக்கியிருந்ததை எல்லாம் அழிச்சுட்டேன். காலைல குடுத்ததையும் அழிச்சுட்டுக் குடுத்திருக்கணும். எனக்குத் தெரியல. இதைப் பாருங்க, புதுசு மாதிரி இருக்கு. அதுக்குப் பதிலா எது வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க." தன் அடுக்கை ஒருமுறை பார்த்தாள். "எல்லாம் வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க."

மீரா பாயில் உட்கார்ந்தாள். மேலே இருந்த புத்தகத்தை எடுத்தாள். திருப்பினாள். வார்த்தைகளுக்குக் கீழே வெள்ளை. ஓரத்தில் வெள்ளை. அடுத்த புத்தகம். அதற்கடுத்தது. நன்றாகத்தான் அழித்திருந்தார்கள். ஒரு தாள்கூடக் கிழியவில்லை.

ஒரு பக்கத்தைக் கதவுப் பக்கம் வெளிச்சத்துக்குச் சாய்த்தாள். ஹரி அழுத்திய இடம் மட்டும் குழிவாகத் தெரிந்தது. வாசிக்க முடியவில்லை. அவள் எழுதியதற்கு அந்தக் குழிவுகூட இல்லை. அவள் எப்போதும் பென்சிலை அழுத்தாமல்தான் எழுதுவாள்.

சபீனா அழித்துக்கொண்டே இருந்தாள். மீரா அவள் கையைப் பிடித்தாள்.

"போதும்மா."

"இன்னும் நாலு பக்கம் இருக்கே?"

"இருக்கட்டும்."

மாடம்மாள் கேசரித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். டீச்சர் அந்தப் புத்தகத்தைச் சபீனாவின் மடியிலிருந்து எடுத்த விதத்தைப் பார்த்தாள். தட்டைக் கீழே வைத்தாள்.

"இதெல்லாம் உங்க வீட்டுப் புஸ்தகமா டீச்சர்?"

"ஆமா."

"உங்க பிள்ள எழுதினதா?"

"ஆமா."

"ஏட்டி," என்றாள் மாடம்மாள் மகளைப் பார்த்து. குரல் உயரவில்லை. "என்ன காரியம் பண்ணிட்டு இருக்க."

"அவளை ஒண்ணும் சொல்லாதேங்கோ," என்றாள் மீரா. "நான்தான் காலைல பேசாம வந்துட்டேன். அவமேல தப்பில்லை."

அஜிதா ரப்பரைக் கீழே போட்டாள். யாரையும் பார்க்காமல் பாயில் இருந்த பிசிறைக் கையால் ஓரிடத்தில் கூட்டினாள். அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"டீச்சர், எனக்கு எல்லாம் தெரியும்."

"என்ன தெரியும்?"

"எங்க என்ன எழுதியிருந்துச்சுன்னு. அதை வச்சுத்தான படிச்சேன். எல்லாம் மனப்பாடம்." அவள் அடுக்கிலிருந்து ஒன்றை இழுத்தாள். வெற்றுப் பக்கத்தைத் திறந்து விரல் வைத்தாள். "இங்க காத்தாடி மேகத்துல மாட்டும். அதுக்கு நேரா 'இது நிஜம், நான் பாத்தேன்'னு இருந்துச்சு. இங்க பூனை படம். கீழ 'இது எலி மாதிரி இருக்கு'ன்னு இருந்துச்சு. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு."

மீரா தலையை அசைத்தாள். அந்தப் பூனை அவளுக்கு நினைவிருந்தது.

ஜெயன் வாசலில் செருப்போடு நின்றிருந்தான். உள்ளே வரவில்லை.

"இது கடைசிப் பக்கம்," என்றாள் அஜிதா இன்னொன்றைத் திறந்து. "இதுல நிறைய எழுதியிருந்துச்சு. 'அப்பா பாதியில தூங்கிட்டார். மீதியை நானே வாசிச்சேன். எழுப்பலை.'"

ஜெயன் செருப்பைக் கழற்றினான். உள்ளே வந்தான். பாயின் ஓரத்தில் உட்கார்ந்தான். கையை நீட்டினான். அஜிதா புத்தகத்தைக் கொடுத்தாள். அவன் கடைசிப் பக்கத்தைப் பார்த்தான். கட்டைவிரலால் தாளைத் தடவினான். மேலிருந்து கீழாக, மெதுவாக.

"தேதி ஏதாவது போட்டிருந்ததா?" என்றான்.

"இல்ல சார்."

"வேறே?"

"அவ்வளவுதான் சார்."

ஆறுமுகசாமி வாசலில் வந்து நின்றார். அவருக்கு ஏதோ தவறு நடந்துவிட்டது தெரிந்தது, என்னவென்று தெரியவில்லை. "வண்டில போட்டுக் கொண்டுவந்து இறக்கிருதேன் சார். உங்க பொருளு. எனக்குத் தெரிஞ்சிருந்தா அன்னைக்கே திரும்பி வந்திருப்பேன்."

ஜெயனுக்கு அது கேட்டதாகத் தெரியவில்லை.

அஜிதா அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு டீச்சர் முகத்தை. கைக்குள் இருந்த பிசிறை இன்னும் விடவில்லை.

"அவன் எந்தக் கிளாஸ் டீச்சர்?"

மீரா வாயைத் திறந்தாள். பதினோரு மாதமாகச் சொல்லாத வார்த்தை. இப்போது சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். பிள்ளை காத்திருந்தது.

"நாலாம் கிளாஸ்," என்றான் ஜெயன்.

மீரா திரும்பினாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. அஜிதாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என் கிளாஸா? எந்த ஸ்கூல் சார்?"

"வேறே ஸ்கூல்."

"எம்மேல கோபப்படுவானா?"

"மாட்டான்."

மாடம்மாள் மீராவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ கேட்க வந்தவள் சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப நாளைக்கு அவனைக் கூட்டிட்டு வாங்க சார்," என்றாள் அஜிதா. அவள் முகம் தெளிந்துவிட்டது. "எங்க எங்க என்ன இருந்துச்சுன்னு நான் சொல்லுதேன். அவன் திரும்ப எழுதிரட்டும். பென்சில் நான் வச்சிருக்கேன்."

மீரா மெல்ல, "ஜெயன்," என்றாள். அவள் அதுவரை அவனைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை.

அவன் புத்தகத்தை மூடினான்.

"கூட்டிண்டு வரேன்," என்றான்.